நீதித்துறைச் சட்டம் மாறும்போது நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதுவது எப்படி?

மசோதா வாக்கெடுப்புக்கு வந்துவிட்ட நாளில் நாம் என்ன எழுதினாலும் பிரயோஜனம் இல்லை. டிவி காட்டுவதென்னவோ அந்த நாளைத்தான், கூச்சல், வெளிநடப்பு, குரல் வாக்கெடுப்பு என்று. ஆனால் போலீஸ், கோர்ட், ஜெயில் சம்பந்தப்பட்ட ஒரு மசோதாவில் ஒரு வார்த்தை மாறியிருக்கிறதென்றால் அது பெரும்பாலும் சில வாரங்களோ மாதங்களோ முன்பே, கேமரா போகாத ஓர் அறையில் மாறியிருக்கும். மசோதாவைத் துருவிப் பார்க்கும் எம்.பி.க்கள் குழுவான நாடாளுமன்ற நிலைக்குழு கூடும் அறை அது. குழு கருத்துக் கேட்டு விளம்பரம் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் எழுதலாம், வக்கீலாக இருக்க வேண்டியதில்லை, கட்டணமும் கிடையாது. எப்படி எழுதினால் படிப்பார்கள், எதை எழுதவே கூடாது, அனுப்பிய பிறகு எங்கே தேட வேண்டும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில், எந்தக் குழு? இங்கேதான் பாதிப் பேர் தவறுகிறார்கள்.

1993இல் 17 நிலைக்குழுக்களோடு தொடங்கிய ஏற்பாடு இது, 2004இல் 24 ஆனது. ஒவ்வொரு குழுவிலும் 31 உறுப்பினர்கள்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சர்களுக்கு இடமில்லை, அதுதான் இதன் நல்ல அம்சமே. நீதி சம்பந்தமான வேலை பெரும்பாலும் இரண்டு குழுக்களிடம் போகும். நீதிமன்ற அமைப்பு, நீதிபதி காலியிடங்கள், சமரசத் தீர்வு போன்றவை பணியாளர் நலன், பொதுமக்கள் குறைதீர்ப்பு, சட்டம், நீதி என்று நீளமாகப் பெயர் வைத்த குழுவுக்கு. குற்றவியல் சட்டம், போலீஸ், சிறை, தடயவியல் எல்லாம் உள்துறைக் குழுவுக்கு. இரண்டுமே மாநிலங்களவைச் செயலகத்தின் கீழ் இயங்குகின்றன. "குற்றவியல் சட்டம்தானே, சட்டக் குழுவுக்குப் போகும்" என்று நினைத்துக்கொண்டிருந்தால் கடைசி தேதியைத் தவற விடுவீர்கள். மசோதாவை எந்த அமைச்சகம் கொண்டுவருகிறதோ அதைப் பொறுத்துத்தான் குழு. இந்தியத் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றையும் மாற்றும் மசோதாக்கள் 2023 ஆகஸ்ட் 11 அன்று மக்களவையில் தாக்கலானபோது, கொண்டுவந்தது உள்துறை என்பதால் உள்துறைக் குழுவுக்கே போயின. சில மசோதாக்களுக்கு இரு அவைகளும் சேர்ந்த கூட்டுக் குழு தனியாக அமைப்பார்கள், அப்போது கணக்கு வேறு.

சரி, எல்லா மசோதாவும் குழுவுக்குப் போகுமா? போகாது. 15ஆவது மக்களவைக் காலத்தில் தாக்கலான மசோதாக்களில் 71 சதவீதம் குழுக்களுக்குப் போனதாக பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு கணக்கிட்டது. 17ஆவது மக்களவையில் அது 16 சதவீதம். கைதானவர்களின் கைரேகை, கருவிழிப் பதிவு, உயிரியல் மாதிரிகள் வரை எடுக்க போலீஸுக்கு அதிகாரம் தரும் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் 2022 மார்ச் 28 அன்று தாக்கலாகி ஏப்ரல் 6 அன்று இரு அவைகளையும் தாண்டிவிட்டது. பத்தே நாள். அந்த மாதிரி நேரத்தில் குழுவுக்கு எழுதுவது என்ற பேச்சே இல்லை, நேராக எம்.பி.யைப் பிடிப்பதுதான் ஒரே வழி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இன்னொரு வாசலும் காகிதத்தில் இருக்கிறது. மசோதா நாடாளுமன்றத்துக்கு வருவதற்கு முன்பே அதன் வரைவை அமைச்சகம் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014இல் ஒரு கொள்கை வகுத்தார்கள். கொள்கைதான், சட்டமல்ல. பல மசோதாக்கள் இந்தக் கட்டத்தை எட்டிப் பார்க்காமலே அவைக்கு வந்துவிடுகின்றன. ஆனாலும் வரைவு வெளியானால் விடாதீர்கள், அந்தக் கட்டத்தில் ஒரு வரியை மாற்றுவது அமைச்சகத்துக்குக் கௌரவப் பிரச்சினை ஆவதில்லை.

மசோதாவைப் பின்னாலிருந்து படியுங்கள்

மசோதாவின் முழு வடிவம் நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் கிடைக்கும். முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினால் மூன்றாவது பக்கத்திலேயே தூக்கம் வரும், எனக்கு வந்திருக்கிறது. கடைசிக்குப் போங்கள். அங்கே "நோக்கங்களும் காரணங்களும்" என்று ஓர் அறிக்கை இருக்கும், அமைச்சர் கையெழுத்தோடு. அரசு எதற்காக இதைக் கொண்டுவருகிறது என்பது இரண்டு பக்கத்தில் தெரிந்துவிடும். அடுத்து நிதிக் குறிப்பு. நீதித்துறை விஷயத்தில் இதுதான் முக்கியம் என்பேன், ஏனென்றால் புது நீதிமன்றம், புது ஆய்வகம், புதுக் காலக்கெடு என்று மசோதா அள்ளி வீசும், பணம் எங்கிருந்து வரும் என்று பார்த்தால் குறிப்பு மௌனமாக இருக்கும். உதாரணத்துக்கு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நிகழ்விடத்துக்குப் போயே ஆக வேண்டும் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசமும் தருகிறது. போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, ஆகவே ஆள் எடுப்பதும் வண்டி வாங்குவதும் மாநிலத்தின் தலையில். இப்படி ஒரு ஷரத்தை, அதாவது மசோதாவின் எண்ணிட்ட ஒரு பிரிவை, பார்த்தால் "யார் செலவில்?" என்று கேட்பதே ஒரு நல்ல கருத்துரை.

மூன்றாவது, அதிகார ஒப்படைப்பு பற்றிய குறிப்பு. "விதிகளில் வகுக்கப்படும்" என்று எங்கெல்லாம் விட்டிருக்கிறார்களோ அதன் பட்டியல். நாடாளுமன்றம் பார்க்காமல் பிறகு அதிகாரிகள் நிரப்பப்போகும் இடங்கள் அவை.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, உங்கள் அனுபவம் தொடும் இரண்டு மூன்று ஷரத்துகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழு மசோதாவுக்கும் கருத்துச் சொல்ல வழக்கறிஞர் சங்கங்கள் இருக்கின்றன. கோர்ட் வாசலில் வாய்தா வாய்தாவாக அலைந்தவருக்கு சம்மன் பற்றித் தெரிந்தது சட்டப் பேராசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை.

எழுதும் முறை

நான் முதன்முதலில் எழுதிய கருத்துரை 11 பக்கம். முதல் பக்கம் முழுக்க மனுநீதிச் சோழன், இரண்டாம் பக்கம் தாமதமான நீதி பற்றிய புலம்பல், ஷரத்து எண் என்று ஒன்று வந்ததே ஏழாம் பக்கத்தில்தான். யாரும் படித்திருக்க மாட்டார்கள், நானாக இருந்தாலும் படித்திருக்க மாட்டேன். வரும் கடிதங்களைக் குழுச் செயலகம் ஷரத்து வாரியாகத் தொகுக்கிறது, முக்கியமானவற்றுக்கு அமைச்சகத்திடம் பதில் கேட்கிறது. ஷரத்து எண் இல்லாத கடிதத்தை எந்தக் கட்டத்தில் போடுவார்கள் பாவம்?

ஆகவே ஒரு ஷரத்துக்கு ஒரு பக்கம். எண்ணைப் போடுங்கள், மசோதா என்ன சொல்கிறது என்று ஒரே வாக்கியம், அது களத்தில் என்ன ஆகும் என்று ஒரு பத்தி, அப்புறம் அதற்குப் பதிலாக என்ன வாசகம் வேண்டும் என்று அப்படியே மசோதா நடையில் எழுதிக் கொடுங்கள். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "மறுபரிசீலனை செய்ய வேண்டும்" என்று முடித்தால் அவர்களும் "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று முடித்துவிடுவார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். விசாரணைக் கைதியாக உள்ளே கிடப்பவர், மரண தண்டனை விதிக்கக்கூடிய குற்றமாக இல்லாவிட்டால், அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தைக் கழித்ததும் ஜாமீனில் விடப்பட வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 436ஏ பிரிவு சொன்னது. புதிய சட்டத்தின் 479ஆம் பிரிவு இன்னும் ஒரு படி போய், இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் பாருங்கள்: ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கோ நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. நம் ஊரில் ஒற்றைப் பிரிவில் எஃப்.ஐ.ஆர். போடும் ஸ்டேஷன் எத்தனை? திருட்டு என்றால் கூடவே கொலை மிரட்டல் ஒன்றைச் சேர்த்துவிடுவது பழக்கம். ஆக, முதல் உட்பிரிவு கொடுப்பதை இரண்டாம் உட்பிரிவு பிடுங்கிக்கொள்கிறது. கருத்துரையில் இதை எப்படி எழுதலாம்? "உட்பிரிவு 2இல் 'ஒன்றுக்கு மேற்பட்ட குற்றம்' என்ற சொற்களை நீக்குக, ஒரே சம்பவத்திலிருந்து எழும் குற்றங்கள் ஒரே வழக்காகக் கருதப்படும் என்ற விளக்கத்தைச் சேர்க்க." அவ்வளவுதான். அதற்குமேல் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் எத்தனை மாதம் உள்ளே இருந்தார் என்று பெயரில்லாமல் நான்கு வரி.

அப்படி ஒரு சொல்லைப் பிடித்தால் மாறுமா என்று கேட்டால், சில சமயம் மாறும். 2023 ஆகஸ்ட் மசோதாவில் யாருக்கெல்லாம் கைவிலங்கு போடலாம் என்ற பட்டியலில் பொருளாதாரக் குற்றமும் இருந்தது. அது மிகப் பரந்த சொல், சின்ன விஷயம் முதல் பெரிய மோசடி வரை எல்லாம் அதற்குள் வரும், எடுத்துவிடுங்கள் என்றது குழு. டிசம்பர் 12 அன்று பழைய மசோதாக்களைத் திரும்பப் பெற்றுப் புதிதாகத் தாக்கல் செய்தபோது அந்தச் சொல் காணாமல் போயிருந்தது. சமூக சேவையை ஒரு தண்டனையாகக் கொண்டுவந்தவர்கள் அது என்ன வேலை என்று சொல்லவே இல்லை, தெருக் கூட்டுவதா, மரம் நடுவதா? குழு கேட்டது, இரண்டாம் வடிவில் சம்பளமில்லாத, சமூகத்துக்குப் பயன்படும் வேலை என்று ஒரு விளக்கம் முளைத்தது. சமரசச் சட்டம் இன்னும் நல்ல உதாரணம். 2021இல் வந்த மசோதா, வழக்குப் போடுவதற்கு முன் சமரசப் பேச்சுக்குப் போவதைக் கட்டாயமாக்கியது. கட்டாயப்படுத்தினால் இழுத்தடிக்கத்தான் உதவும் என்ற கவலையைச் சட்டக் குழு 2022 அறிக்கையில் எழுப்பியது. 2023இல் சட்டமானபோது அது இரு தரப்பும் விரும்பினால் என்றாகிவிட்டது. 180 நாள் என்றிருந்த காலவரம்பும் 120 நாளாகக் குறைந்தது.

மாறாமல் போனவையும் உண்டு. சிறார் நீதிச் சட்டத்தில் 16 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களைக் கொடுங்குற்றங்களில் பெரியவர்களைப் போல விசாரிக்கலாம் என்ற ஏற்பாட்டை மனிதவள மேம்பாட்டுத் துறை நிலைக்குழு 2015 தொடக்கத்தில் கடுமையாக எதிர்த்தது, அரசியல் சட்டத்துக்கே முரண் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் அந்த ஏற்பாடு அப்படியே நிறைவேறியது. குழு சொல்வதெல்லாம் நல்லதாகவே இருக்கும் என்றும் நம்ப வேண்டாம்: 2018இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த தகாத உறவுக் குற்றத்தை ஆண்-பெண் இருவருக்கும் பொதுவாக்கித் திரும்பக் கொண்டுவரச் சொன்னது உள்துறைக் குழு. நல்லவேளையாக அரசு அதை எடுத்துக்கொள்ளவில்லை.

எழுதக் கூடாதவை

உங்கள் சொந்த வழக்கை எழுதாதீர்கள். நீதிமன்ற விசாரணையில் இருக்கும் விஷயத்தைக் குழு தொடாது, உங்கள் வழக்கு எண்ணைப் பார்த்த உடனே ஓரம் கட்டிவிடுவார்கள். எந்த நீதிபதியையும் பெயர் சொல்லித் திட்டாதீர்கள். அரசியல் சட்டத்தின் 121ஆவது பிரிவுப்படி, பதவிநீக்கத் தீர்மானம் வந்தாலொழிய நீதிபதிகளின் நடத்தையை நாடாளுமன்றமே பேச முடியாது. பேச முடியாத விஷயத்தை எழுதி அனுப்பி என்ன பயன்?

அனுப்பியதை உடனே சமூக ஊடகத்தில் போடவும் கூடாது. இதில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். குழுவுக்குப் போன கருத்துரை குழுவின் ஆவணமாகிவிடுகிறது, அது ரகசியம்; அறிக்கை அவையில் வைக்கப்படும் முன் வெளியிட்டால் நாடாளுமன்ற உரிமை மீறல் என்று வரலாம். கையரிப்பு தாங்காவிட்டால், அதே பிரச்சினையைப் பற்றித் தனியாக, வேறு வார்த்தைகளில் ஒரு கட்டுரை எழுதுங்கள்.

மொழி ஒரு தொல்லை. விளம்பரத்தில் ஆங்கிலம் அல்லது இந்தியில் கேட்பார்கள். இரு அவைகளிலும் மனுக்கள் குழு என்று தனியாக உண்டு, அதற்கு அனுப்பும் மனுவை வேறு இந்திய மொழியில் எழுதலாம், ஆனால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பைக் கையெழுத்திட்டு இணைக்க வேண்டும். தமிழில் யோசித்து, தமிழில் எழுதி, அப்புறம் நம்பகமான ஒருவரை வைத்து ஆங்கிலப்படுத்துங்கள் என்பதே என் யோசனை. நேராக ஆங்கிலத்தில் எழுதப்போனால் நம்மையறியாமல் வக்கீல் நோட்டீஸ் பாஷை வந்துவிடும், அனுபவம் மறைந்துபோகும்.

விளம்பரம் செய்தித்தாள்களிலும் அந்தந்த அவையின் இணையதளத்திலும் வரும். அவகாசம் பெரும்பாலும் 15 நாள்தான் என்பதால், மசோதா குழுவுக்குப் போன செய்தி கேட்டவுடனே எழுதத் தொடங்கிவிடுங்கள். நேரில் வந்து சாட்சியம் சொல்ல விருப்பம் என்றால் அதையும் ஒரு வரியில் குறிப்பிட வேண்டும். கூப்பிடுவதா இல்லையா என்பது குழுவின் முடிவு, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

எம்.பி. வழி

குழு உறுப்பினர் பட்டியலும் இணையதளத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39, மாநிலங்களவையில் 18 உறுப்பினர்கள். அவர்களில் யாராவது அந்தக் குழுவில் இருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அதே ஒரு பக்கத்தைத் தமிழில் அவருக்கும் அனுப்புங்கள். 2023 உள்துறைக் குழுவில் தயாநிதி மாறன், என்.ஆர். இளங்கோ, ப. சிதம்பரம் மூவரும் இருந்தார்கள், மூவருமே மறுப்புக் குறிப்பு எழுதி அது அறிக்கையோடு அச்சாகியிருக்கிறது. பெரும்பான்மை ஏற்காத வாதம் அழியாமல் பதிவாகும் இடம் அது. அந்த மசோதாக்கள் டிசம்பர் 20, 21 தேதிகளில் நிறைவேறிய கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். அவையில் பேசாமல் போனது எல்லாம் இப்போது அந்தக் குறிப்புகளில்தான் இருக்கிறது.

குழுவில் இல்லாத எம்.பி.யும் வீண் இல்லை. அவரிடம் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். "நீதி தாமதமாகிறதே" என்று கேட்டால் அமைச்சரும் பொதுவாகத்தான் பதில் சொல்வார்; சென்னை உயர் நீதிமன்றத்தில் இன்றைய தேதியில் எத்தனை நீதிபதி இடங்கள் காலி, எத்தனை பெயர்கள் எந்தக் கட்டத்தில் நிற்கின்றன என்று கேட்டால் எண்ணோடு பதில் வரும். அந்த எண்தான் அடுத்த கருத்துரைக்கு ஆதாரம். அமைச்சர் அல்லாத எம்.பி. தாமே கொண்டுவரும் தனிநபர் மசோதா கொண்டுவரச் சொல்லலாமா? சொல்லலாம், ஆனால் 1952 முதல் 14 தனிநபர் மசோதாக்கள்தான் சட்டமாகியிருக்கின்றன, கடைசியானது 1970இல். வேடிக்கை என்னவென்றால் அந்தக் கடைசி மசோதாவே நீதித்துறை பற்றியது: குற்ற வழக்குகளில் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யும் வாய்ப்பை விரிவாக்கியது, கொண்டுவந்தவர் முன்னாள் நீதிபதி ஆனந்த் நாராயண் முல்லா.

மசோதா இல்லாமலும் குழுக்கள் தாமாக ஒரு பொருளை எடுத்து ஆராய்வதுண்டு. நீதித்துறை நடைமுறைகளும் சீர்திருத்தமும் என்ற தலைப்பில் சட்டக் குழு 2023 ஆகஸ்டில் தந்த 133ஆவது அறிக்கை அப்படிப்பட்டது. உச்ச நீதிமன்றத்துக்கு மண்டல அமர்வுகள் வேண்டும், நீதிபதிகள் சொத்து விவரம் வெளியிடுவதைச் சட்டமாக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. சென்னையில் அமர்வு வேண்டும் என்று நாம் பல்லாண்டாகக் கேட்கிறோம். குழுவே பரிந்துரைத்தும் நடக்கவில்லை, ஏனென்றால் அரசியல் சட்டத்தின் 130ஆவது பிரிவுப்படி டெல்லிக்கு வெளியே எங்கே அமர்வது என்பதைக் குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு தலைமை நீதிபதி முடிவு செய்ய வேண்டும். சொத்து விவரத்துக்கும் சட்டம் வரவில்லை. ஆனால் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தானாகவே நீதிபதிகளின் சொத்து விவரங்களை இணையத்தில் போட்டது. நாடாளுமன்றமே சட்டம் இயற்றினாலும் நிற்கும் என்று சொல்ல முடியாது, நீதிபதிகள் நியமன ஆணையத்தை 2014இல் நிறைவேற்றினார்கள், 2015 அக்டோபரில் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் நீதிமன்றம் தூக்கி எறிந்தது. ஆகவே எழுதும் முன், நீங்கள் கேட்பது நாடாளுமன்றம் கொடுக்கக்கூடியதுதானா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுப்பிய பிறகு

அறிக்கை வெளியானதும் முதலில் பின்னிணைப்பைத் திறங்கள், கருத்து அனுப்பியவர்கள் பட்டியல் பல அறிக்கைகளில் இருக்கும். அப்புறம் உங்கள் ஷரத்து எண்ணைத் தேடுங்கள். உங்கள் வார்த்தை அப்படியே இருக்காது, ஆனால் வாதம் இருக்கலாம். சட்டம் நிறைவேறிய வடிவத்தையும் பழைய மசோதாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் உங்கள் வேலைதான்.

மசோதா அல்லாத அறிக்கை என்றால் மூன்று மாதத்துக்குள் அரசு பதில் தர வேண்டும். அதைக் குழு மறுபடி ஆராய்ந்து நடவடிக்கை அறிக்கை ஒன்று வெளியிடும். அதில் பரிந்துரைகளை நான்காகப் பிரித்திருப்பார்கள்: அரசு ஏற்றவை, அரசின் பதிலைப் பார்த்துக் குழு வலியுறுத்தாமல் விட்டவை, அரசின் பதிலைக் குழு ஏற்காதவை, இறுதிப் பதில் வராதவை. பெரும்பாலோர் முதல் பகுதியைப் படித்துவிட்டு மூடிவிடுவார்கள். நீங்கள் மூன்றாவதைப் படியுங்கள். குழுவும் அரசும் முட்டிக்கொண்டிருக்கும் இடம் அது, அடுத்த முறை உங்கள் எம்.பி. கேட்க வேண்டிய கேள்வி அங்கே தயாராக இருக்கும்.

பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனால் 2018 மே 9 அன்று கல்பனா மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, நாடாளுமன்றக் குழு அறிக்கைகளை நீதிமன்றம் எடுத்துப் பார்க்கலாம், சட்டத்துக்குப் பொருள் கொள்ளப் பயன்படுத்தலாம், அவற்றின் செல்லுபடியைக் கேள்வி கேட்க மட்டும் முடியாது என்று சொல்லியிருக்கிறது. ஆக, நீங்கள் எழுதிய ஒரு பக்கம் குழு அறிக்கையில் ஒரு பத்தியானால், பல வருடம் கழித்து யாரோ ஒரு வக்கீல் ஏதோ ஒரு ஜாமீன் மனுவில் அதை எடுத்து வாசிக்கக்கூடும். அனுப்பிய தேதி, ஷரத்து எண், அறிக்கை எண் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.